நடக்கிற தூரம்

கதவைத் திறப்பதற்கு முன்பே
புரோக்கர் சீரங்கன் சன்னலைப் பற்றிச் சொல்லிவிட்டார்.
உள்ளே போனதும் நேராக அதைத்தான் திறந்தார்.
"பாருங்க டீச்சர், ஸ்கூல் காம்பவுண்டு தெரியுதா?
நடக்கிற தூரம்."

தெரிந்தது. மதிலும், மதிலில் கட்டிய பேனரும்,
பேனரில் பத்தாம் வகுப்பின் எட்டு முகங்களும்.

ஒரு படுக்கையறை.
சமையலறையில் இரண்டு பேர் நின்றால்
ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.
மேட்டூர்த் தண்ணி நாலு நாளைக்கு ஒருதரம்.
வாடகை பதினாறாயிரம், அட்வான்ஸ் பத்து மாசம்.
இதே வீடு அம்மாபேட்டையில் ஏழாயிரம் என்றேன்.
"இதே வீடு கிடைக்கும் டீச்சர்.
இதே சன்னல் கிடைக்காது."

எட்டு முகங்களில் ஐந்தை எனக்குத் தெரியும்.
மேல் வரிசையில் பல் தெரியச் சிரிப்பவன்
கிரானைட்காரர் பேரன்.
கழித்தல் குறியைக் கண்டால் விழுங்கிவிடுவான்.
ஒன்றரை வருஷம், திங்கள் புதன் வெள்ளி,
அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து
அவன் விழுங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக
வெளியே எடுத்து வைத்தேன்.
அவனுக்குப் பக்கத்தில் ஹரிணிகா, ஸ்கேன் சென்டர் டாக்டர் மகள்.
கணக்குக்கு நான், அறிவியலுக்கு ஒரு சார்,
இங்கிலீஷுக்கு ஏற்காட்டிலிருந்து இருபது வளைவும்
இறங்கி வருகிற ஒரு மிஸ்,
பரீட்சை மாதத்தில் தூங்கவைக்க ஒரு யோகா அக்கா.

பள்ளிக்கூடம் ஒன்றுமே செய்யவில்லை என்றால் அது பொய்.
எல்கேஜி சேர்க்கும்போதே
அப்பா என்ன படித்திருக்கிறார், அம்மா என்ன படித்திருக்கிறாள்
என்று விசாரித்தது.
பேனர் அடித்தது.

பகலில் நான் மாநகராட்சிப் பள்ளியில்.
தொகுப்பூதியம், அதுவும் மூன்று மாதம் பாக்கி.
அதே புத்தகம், அதே பயிற்சிக் கணக்கு.
மூன்றாவது பெஞ்சில் லோகேஸ்வரி.
வீட்டில் தறி நிற்கும்வரை தார் சுற்றிவிட்டு வருவாள்.
கழித்தல் குறியை அவள் ஒருநாளும் விட்டதில்லை.
எழுபத்தொன்று வாங்கினாள்.
சாயங்காலம் கொஞ்சம் சொல்லித் தந்திருந்தால்
தொண்ணூறு தாண்டியிருப்பாள்.
சாயங்காலம் நான்
அழகாபுரம் போகிற டவுன் பஸ்ஸில் இருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்
யாரும் வீடு தேடி வந்ததாக எனக்கு நினைவில்லை.
சுற்றிலும் தறிச் சத்தம் என்பார்கள்.
சத்தம் உண்மைதான்.

பதினாறில் ஏழு போக ஒன்பது.
அந்த ஒன்பதாயிரம் மதிலுக்கு,
மதிலில் இருக்கும் முகங்களுக்கு.
எட்டில் ஐந்து என்றால்
என் பங்கு ஐயாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து.
விழுங்காமல் போட்ட கணக்கு.
"ஏதாவது குறைப்பாங்களா?" என்றேன்.
"ஓனர்கிட்ட பேசிப் பாக்கறேன்," என்றார் சீரங்கன்,
பேசப்போவதில்லை என்கிற குரலில்.

முகிலனுக்கு ஜூன் வந்தால் எல்கேஜி.
ஒரு கிலோமீட்டருக்குள் விலாசம் இருந்தால்தான்
விண்ணப்பத்தையே வாங்குவார்களாம்.
எந்தப் பள்ளிக்கூடம் எப்படி என்று
எனக்குத் தெரிந்த அளவுக்கு
இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.
தெரிந்துதான் கைப்பையைத் திறந்தேன்.
ஹரிணிகா அம்மா தந்த கவர்,
மஞ்சள் பொட்டு வைத்து, இன்னும் பிரிக்காமல்.
அப்படியே டோக்கன் அட்வான்ஸாகக் கொடுத்தேன்.
சீரங்கன் எச்சில் தொட்டு எண்ணினார்.

வெள்ளிப் பட்டறையிலிருந்து அவர் போன் செய்தார்.
பின்னால் பாலிஷ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
"வீடு எப்படி இருக்கு?"

சன்னல் நல்லா இருக்கு என்றேன்.